ஸ்டாக்ஃபிஷ் ஏன் உலக சாம்பியன் ஆகவே இல்லை?

போன எபிசோட் கேட்டுட்டு ஒரு நேயர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே நடக்கிற செஸ்ல உலக சாம்பியன் யாரு?" ரொம்ப ஈஸியான கேள்விதானேன்னு 'ஸ்டாக்ஃபிஷ்'னு டைப் பண்ணிட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்ப்போம்னு பட்டியலைத் தேடினேன். 1974-ல் ஆரம்பிச்சு 2024 வரைக்கும், 50 வருஷம் நடந்த உலகக் கம்ப்யூட்டர் செஸ் சாம்பியன்ஷிப். அதில் ஜெயிச்சவங்க பட்டியல்ல ஸ்டாக்ஃபிஷ் பேரே இல்லை.

தோத்துப் போனதால இல்லை. அது அந்தப் போட்டிக்குப் போகவே இல்லை.

இன்னைக்கு உங்க ஃபோன்ல இருக்கிற செஸ் ஆப்பைத் திறந்து, விளையாடி முடிச்ச ஆட்டத்தை அலசிப் பார்க்கச் சொன்னா, பெரும்பாலும் பின்னாடி வேலை செய்றது ஸ்டாக்ஃபிஷ்தான். எந்த கிராண்ட்மாஸ்டராலும் அதை ஜெயிக்க முடியாது. அப்படிப்பட்ட ஒண்ணு தன் துறையோட உலக சாம்பியன்ஷிப்ல ஒரு ஆட்டம்கூட ஆடலைன்னா, அந்தப் போட்டியிலதான் ஏதோ விஷயம் இருக்கணும் இல்லையா? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். போட்டி நியாயமா நடந்ததாங்கிறது ஒரு கேள்வி. அந்தப் போட்டிக்குள்ள யாரால நுழைய முடிஞ்சதுங்கிறது இன்னொரு கேள்வி. இந்த ரெண்டும் எப்படி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு வந்ததுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

போன் லைன்ல வந்த சாம்பியன்

1974, ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம். முதல் உலகப் போட்டி. மொத்தம் 13 ப்ரோக்ராம்கள், 4 சுற்று. நாலையும் ஜெயிச்சு பட்டம் வாங்கியது சோவியத் யூனியனின் கைஸா.

ஆனா கைஸா ஓடிக்கிட்டிருந்த கம்ப்யூட்டர் ஸ்டாக்ஹோம்லயே இல்லை, மாஸ்கோவில் இருந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு அறையையே அடைச்சுக்கிட்டு நிற்கும், பெட்டியில போட்டு எடுத்துட்டு வர முடியாது. அதனால அரங்கத்தில் ஒரு மனிதர் பலகைக்கு முன்னாடி உட்கார்ந்திருப்பார். எதிராளி வைத்த காயை போன்ல மாஸ்கோவுக்குச் சொல்வார். அங்கே இருந்து பதில் வரும். அதை இவர் பலகையில் நகர்த்துவார்.

இன்னொரு விஷயம். அப்போ பலமான ப்ரோக்ராம்னு எல்லாரும் எதிர்பார்த்தது அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான செஸ் 4.0. அது ரெண்டாவது சுற்றில் கேயாஸ் என்ற ப்ரோக்ராமிடம் தோற்றது. 13 பேருக்கு 4 சுற்றுதான் என்பதால், கைஸாவும் செஸ் 4.0-வும் போட்டியில் மோதவே இல்லை. போட்டி முடிந்த பிறகு ரெண்டையும் சும்மா ஒரு காட்சி ஆட்டம் ஆட விட்டாங்க. டிரா!

அப்போ யார் பலசாலி? 4 ஆட்டத்தை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. கிரிக்கெட்ல ஒரே ஒரு டி20 மேட்சை வைத்து 'இதுதான் உலகத்திலேயே பெரிய டீம்'னு சொல்ற மாதிரி. இந்தக் குறை கடைசி வரைக்கும் அந்தப் போட்டியை விடவே இல்லை.

என்ன வண்டியில வேணும்னாலும் வரலாம்

இந்தச் சாம்பியன்ஷிப்போட அடிப்படை விதி ரொம்ப எளிமையானது. எந்தக் கம்ப்யூட்டர் வேணும்னாலும் கொண்டு வாங்க. ஒரு ஓட்டப்பந்தயம், அதில் சைக்கிளும் வரலாம், புல்லட்டும் வரலாம், லாரியும் வரலாம்னு வெச்சுக்கோங்களேன்.

கேட்டவுடனே 'இது என்ன அநியாயம்'னு தோணும். ஆனா அந்தக் காலத்தில் இதுக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. அன்னைக்கு கேள்வியே வேற. "ஒரு இயந்திரத்தால எவ்வளவு நல்லா செஸ் ஆட முடியும்?" அப்படிங்கிறதுதான் கேள்வி. ப்ரோக்ராமையும் இயந்திரத்தையும் அவங்க பிரிச்சுப் பார்க்கலை. வேகமான இயந்திரம் கட்டுறதும் அந்த ஆராய்ச்சியோட ஒரு பகுதிதான்.

1980-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் ஜெயித்தது பெல். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்ப்சனும் ஜோ காண்டனும் செஸ்ஸுக்காகவே தனியா கட்டின இயந்திரம் அது. யூனிக்ஸ் உருவாக்கினவர்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அதே கென் தாம்ப்சன்தான். பெல் ஒரு விநாடிக்கு சுமார் 1,60,000 நிலைகளை அலசிப் பார்க்கும். 1983-ல் நியூயார்க்கிலும் 1986-ல் கொலோனிலும் ஜெயித்தது க்ரே பிளிட்ஸ். அது ஓடியது க்ரே சூப்பர் கம்ப்யூட்டரில். 1989-ல் கனடாவின் எட்மன்டனில் டீப் தாட், 5-க்கு 5.

இந்தப் பேர்களை வரிசையா பார்த்தாலே ஒண்ணு புரியும். பெரிய ஆய்வகம், பெரிய கம்பெனி, பெரிய பல்கலைக்கழகம். க்ரே கம்ப்யூட்டரை யாரும் மாச வாடகைக்கு வீட்டுக்கு எடுத்துட்டு வர முடியாது. உங்க மூளையில எவ்வளவு நல்ல ஐடியா இருந்தாலும், அந்த இயந்திரத்துப் பக்கத்துல போக அனுமதி இருந்தாத்தான் ஆட்டம்.

அனுமதின்னு சொன்னதும் ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வருது. 1982-ல் கென் தாம்ப்சன் பெல்லை எடுத்துக்கிட்டு சோவியத் யூனியனுக்கு ஒரு கம்ப்யூட்டர் செஸ் நிகழ்வுக்குக் கிளம்பினார். அமெரிக்க அதிகாரிகள் பெட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். உயர் தொழில்நுட்பத்தை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்ற சட்டம்தான் காரணம். அதை மீட்க ஒரு மாசத்துக்கும் மேல ஆச்சு, 600 டாலர் அபராதம் வேற. செஸ் ஆடுற பெட்டிக்கே பார்டர்ல இந்த நிலைமைன்னா, விசாவுக்கு வரிசையில நிக்கிற நம்ம நிலைமையைக் கேட்கவே வேணாம்.

சைக்கிள் ஜெயிச்ச ரெண்டு வருஷம்

பெரிய இயந்திரம்தான் எப்பவும் ஜெயிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. 1992, மாட்ரிட். நெதர்லாந்தைச் சேர்ந்த எட் ஷ்ரோடர் எழுதிய ப்ரோக்ராம், சாதாரண பிசியில் செருகுற ஒரு சின்ன கார்டில் ஓடி உலகப் பட்டம் வாங்கியது. மைக்ரோகம்ப்யூட்டர் ஒண்ணு இந்தப் பட்டத்தை வாங்கியது அதுதான் முதல் தடவை.

1995, ஹாங்காங். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஐபிஎம், டீப் புளூவோட முன்மாதிரியைக் களம் இறக்கியது. ரெண்டு வருஷம் கழிச்சு காஸ்பரோவைத் தோற்கடிக்கப் போகிற அதே குடும்பம். எதிரே ஃப்ரிட்ஸ், ஒரு 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் பிசியில். டீப் புளூவின் இயந்திரம் அமெரிக்காவிலேயே இருந்தது, லைன் வழியாத்தான் ஆட்டம். ஆட்டத்தின் நடுவில் அந்த லைன் போய்விட்டது. திரும்ப இணைத்து ஆடினார்கள். கடைசியில் ஃப்ரிட்ஸ் ஜெயித்தது. அந்த வருஷ உலகப் பட்டமும் அதற்கே.

நாம சந்தோஷமா கைதட்டலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. லைன் போகாம இருந்திருந்தா? அதே ரெண்டு பேரும் 100 ஆட்டம் ஆடியிருந்தா? ஐபிஎம் பக்கம் இருந்து பார்த்தா, இதுவும் நியாயமா நடந்த போட்டின்னு சொல்ல முடியாதுதான்.

காயை நகர்த்துற கை

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கு. ப்ரோக்ராமை எழுதினவரோ, அவருக்காக இன்னொருத்தரோ அரங்கத்தில் உட்கார்ந்து காயை நகர்த்தணும். அவர் மனிதர். மனிதர்னா மனசு இருக்கும்.

2003, ஆஸ்திரியாவின் கிராட்ஸ். ஷ்ரெடரும் ஜானியும் ஆடுறாங்க. ஷ்ரெடர் ஜெயிக்கிற நிலையில இருக்கு. ஆனா அதில் ஒரு பக் இருந்ததால காயை முன்னாடியும் பின்னாடியும் நகர்த்தி, ஒரே நிலை மூணு தடவை வந்துடுச்சு. செஸ் விதிப்படி அப்போ டிரா கேட்கலாம். ஜானியின் திரையிலும் அது தெரிந்தது. ஆனா ஜானியை எழுதினவர் டிரா கேட்கலை. எதிராளியோட பக்னால கிடைக்கிற அரைப் புள்ளி வேணாம்னு தொடர்ந்து ஆடினார், தோற்றார்.

எவ்வளவு நல்ல மனுஷன்! ஆனா அந்த அரைப் புள்ளியால பாதிக்கப்பட்டது மூணாவதா ஒருத்தர், ஃப்ரிட்ஸ். கடைசியில் ஷ்ரெடரும் ஃப்ரிட்ஸும் சமமா வந்து, கூடுதல் ஆட்டத்தில் ஷ்ரெடர் பட்டம் வாங்கியது. அந்த ஆட்டம் டிராவா இருந்திருந்தா ஃப்ரிட்ஸ் தனியாவே சாம்பியன். ஒருத்தர் காட்டின பெருந்தன்மை இன்னொருத்தருக்கு அநியாயமா முடிஞ்சது. கம்ப்யூட்டர்களுக்கான உலகப் போட்டியோட முடிவைத் தீர்மானிச்சது ஒரு மனிதரோட மனசாட்சி!

கோர் எண்ணிக்கையும் நாலு பட்டமும்

2007-க்குப் பிறகு கதை சூடு பிடிக்குது. வாசிக் ராய்லிக் எழுதிய ரைப்கா ஆம்ஸ்டர்டாம், பெய்ஜிங், பாம்ப்லோனா, கனசாவான்னு நாலு வருஷம் தொடர்ந்து ஜெயித்தது. பெய்ஜிங்கில் அது வந்தது 40 கோர் கொண்ட ஒரு கிளஸ்டரோட. எதிரே சிலர் சாதாரண கம்ப்யூட்டரோட உட்கார்ந்திருந்தாங்க. அடுத்த வருஷம் பாம்ப்லோனாவில், போட்டியை நடத்துற சர்வதேச அமைப்பான ஐசிஜிஏ ஒரு வரம்பு போட்டது. 8 கோருக்கு மேல கூடாது. ரைப்கா அப்பவும் ஜெயித்தது. 2010-ல் வரம்பை எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா எல்லாரும் ஒரே மாதிரி கம்ப்யூட்டரில் ஆடுற தனிப் போட்டி ஒண்ணைச் சேர்த்தாங்க.

2011-ல் குண்டு வெடித்தது. ரைப்காவில் கிராஃப்டி, ஃப்ரூட் என்ற ரெண்டு ப்ரோக்ராம்களின் கோட் கலந்திருக்கு என்று ஐசிஜிஏ முடிவு செய்தது. நாலு பட்டமும் பறிக்கப்பட்டது. ராய்லிக்குக்கு வாழ்நாள் தடை. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். விசாரணையை நடத்திய மூணு பேரில் ஒருவர் ராபர்ட் ஹயாட். யார் அவர்? கிராஃப்டியை எழுதினவரே அவர்தான். புகார் கொடுத்தவங்களில் போட்டியாளர்களும் இருந்தாங்க.

இந்தத் துறையை உள்ளே இருந்து தெரிஞ்சவங்க உலகத்திலேயே கொஞ்ச பேர்தான், வேற யாரை நீதிபதியா வைக்கிறதுன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா வெளியே இருந்து பார்க்கிறவங்களுக்கு, எதிர் டீம் ஆளே அம்பயரா நின்ன மாதிரி இருந்தது. 2015-ல் உலக செஸ் சம்மேளனத்தின் நெறிமுறைக் குழு, அந்த வாழ்நாள் தடையைப் போட்ட விதம் தவறுன்னு சொன்னது. பட்டங்கள் மட்டும் திரும்பி வரலை.

அதே 2015-ல் நெதர்லாந்தின் லைடனில் உலகப் பட்டம் வாங்கியது யார் தெரியுமா? கிராட்ஸ்ல டிரா கேட்காம விட்ட அதே ஜானி. இந்தத் தடவை 2,400 கோர் கொண்ட ஒரு பல்கலைக்கழக கிளஸ்டரோட வந்திருந்தது. நல்ல மனுஷனுக்கு நல்லது நடந்தது, சரி. ஆனா 8 கோரே வரம்பு என்று இருந்த ஆறாவது வருஷம் 2,400!

நார்வேயில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்

இதுக்கிடையில 2010-ல், நார்வேயில் மார்ட்டின் தோரேசன் என்பவர் வேற ஒண்ணு ஆரம்பித்தார். தன் சொந்தக் கம்ப்யூட்டர்ல எஞ்சின்களை ஒண்ணோட ஒண்ணு மோத விட்டு, இணையத்தில் நேரலையா காட்டினார். இன்னைக்கு டிசிஇசி என்று அழைக்கப்படுற போட்டி அதுதான்.

என்ன வித்தியாசம்? எல்லாரும் ஒரே கம்ப்யூட்டர்ல ஆடணும். யாரும் எங்கேயும் போக வேணாம், எஞ்சினை அனுப்பி வெச்சா போதும். காயை நகர்த்த மனிதர் இல்லை, அதனால கிராட்ஸ் மாதிரி சங்கடமும் இல்லை. பின்னாடி வந்த இறுதிப் போட்டிகள் 100 ஆட்டம் வரைக்கும் போச்சு, 4 சுற்று இல்லை. ஆரம்பக் காய் நகர்வுகளை நடத்துறவங்களே முடிவு பண்ணுவாங்க, ஒரே ஆரம்பத்தை ரெண்டு பேரும் வெள்ளையாவும் கறுப்பாவும் மாத்தி மாத்தி ஆடணும். இதுக்கும் காரணம் இருக்கு. இந்த எஞ்சின்கள் முதல் நகர்விலிருந்து ஆடினா பெரும்பாலும் டிராதான். அதனால வேணும்னே ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த நிலையைக் கொடுத்து, அதே சாய்வை ரெண்டு பேருக்கும் கொடுக்கிறாங்க.

இப்போ ஸ்டாக்ஃபிஷ் பக்கம் வருவோம். 2008-ல் டோர்ட் ரொம்ஸ்டாட், மார்கோ கோஸ்டால்பா, யோனா கீஸ்கி ஆரம்பித்த இலவச ஓப்பன் சோர்ஸ் எஞ்சின் அது. 2013-ல் கேரி லின்ஸ்காட் ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பைக் கொண்டு வந்தார். கோட்ல ஒரு சின்ன மாற்றம் செய்தா, அது உண்மையிலேயே நல்லதான்னு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பார்க்கணும். அந்த ஆட்டங்களை உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்களோட கம்ப்யூட்டர்கள் பிரிச்சு ஆடும்.

லாக்டவுன் சமயத்துல என் லேப்டாப்பையும் ராத்திரியெல்லாம் அதில் ஓட விட்டேன். மூணாம் நாள் அம்மா வந்து, "என்னடா இது, ராத்திரி முழுக்க மிக்ஸி ஓடுற மாதிரி சத்தம்? கரண்ட் பில்லை யாரு கட்டுறது?"ன்னு கேட்டாங்க. அத்தோட என் பங்களிப்பு முடிஞ்சது. ஆனாலும் ஏதோ ஒரு மாற்றத்துக்கு என் லேப்டாப் ஆடின சில ஆட்டங்களும் கணக்குல இருக்கும்னு இன்னைக்கும் ஒரு சின்னப் பெருமை.

இப்ப சொல்லுங்க. இப்படி நூத்துக்கணக்கான பேர் சேர்ந்து, சம்பளம் இல்லாம எழுதுற ஒரு எஞ்சின், விமான டிக்கெட் எடுத்து, ஹோட்டல் போட்டு, நுழைவுக் கட்டணம் கட்டி, சொந்தமா கம்ப்யூட்டரும் ஏற்பாடு பண்ணி, ஒரு வாரம் வேற ஊர்ல உட்கார்ந்து, கொஞ்ச ஆட்டங்கள் ஆடணுமா? அதுவும் யார் பெரிய இயந்திரம் கொண்டு வருவாங்கன்னு தெரியாம? ஸ்டாக்ஃபிஷ் போகலை. 2014-ல் டிசிஇசியில் தன் முதல் பட்டத்தை வாங்கியது. அப்புறம் வாங்கிக்கிட்டே இருக்கு.

ஒரே செருப்பு எல்லார் காலுக்கும் சேருமா?

சரி, ஒரே கம்ப்யூட்டர்னு வெச்சா பிரச்சினை தீர்ந்ததா? இல்லை.

2017 டிசம்பர்ல டீப்மைண்ட் நிறுவனம், தன்னோட ஆல்ஃபாஜீரோ 100 ஆட்டத்தில் ஸ்டாக்ஃபிஷை 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லாம ஜெயித்ததா அறிவித்தது. உலகமே வாயைப் பிளந்தது. ஆனா ஸ்டாக்ஃபிஷுக்குக் கொடுத்தது 1 ஜிபி நினைவகம், நகர்வுக்கு ஒரு நிமிஷம்னு கட்டாய நேரம், ஒரு வருஷம் பழைய பதிப்பு. விமர்சனம் கிளம்பியது. அடுத்த வருஷம் வந்த முழுக் கட்டுரையில் 1,000 ஆட்டம். இந்தத் தடவை ஸ்டாக்ஃபிஷுக்கு டிசிஇசி இறுதிப் போட்டியில் இருந்த மாதிரியே 44 கோர். ஆல்ஃபாஜீரோ 155 ஜெயித்தது, 6 தோற்றது. இங்கே கவனிக்க வேண்டியது, அவ்வளவு பெரிய கம்பெனியும் 'நியாயமான ஆட்டம்'னு காட்ட, நார்வேக்காரர் ஒருத்தர் வீட்டில ஆரம்பிச்ச போட்டியோட அளவுகோலைத்தான் எடுத்தாங்க.

ஆல்ஃபாஜீரோ வழியில் தன்னார்வலர்கள் உருவாக்கியது லீலா. அது நியூரல் நெட்வொர்க். அதுக்கு ஜிபியு வேணும், கேம் ஆடுறவங்க வாங்குற கிராபிக்ஸ் கார்டு. 2018-ல் முதல் தடவை டிசிஇசிக்கு வந்தப்போ அங்கே ஜிபியு இல்லை. எல்லாருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஆனா அது லீலாவுக்குச் சேராத கம்ப்யூட்டர். கடைசிப் பிரிவில், கடைசி இடம். அப்புறம் ஜிபியு கொண்டு வந்தாங்க. 2019-ல் இறுதிப் போட்டியில் லீலா ஸ்டாக்ஃபிஷையே 53.5-க்கு 46.5னு ஜெயித்தது!

இத்தனை கோரும் இத்தனை ஜிபியுவும் சமம்னு யார் முடிவு பண்றது? விலையை வைச்சா, கரண்ட் செலவை வைச்சா? இன்னைக்கும் அதைப் பத்தி சண்டை போடுறாங்க. டிசிஇசியில் யாரைச் சேர்க்கிறதுங்கிறதையும் நடத்துறவங்கதான் முடிவு பண்றாங்க. அங்கேயும் ஒரு வாசல் இருக்கு, ஆனா அதைத் தாண்ட விமான டிக்கெட் தேவையில்லை.

இழந்ததும் ஒண்ணு இருக்கு

பழைய போட்டியைக் குறை மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனசு வரலை. 1977, டொரண்டோ. டச்சஸ் என்ற ப்ரோக்ராமுக்கு எதிரா கைஸா சும்மா ஒரு யானையைத் தூக்கிக் கொடுத்தது. அரங்கத்தில் முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக் இருந்தார். அவர் உட்பட எல்லாரும் பக்னுதான் நினைச்சாங்க. அப்புறம் கைஸாவிடமே கேட்டுப் பார்த்தா, இயல்பா தோன்றின நகர்வை ஆடியிருந்தா ராணியைப் பலி கொடுத்து மேட் பண்ற வழி எதிராளிக்கு இருந்தது. அறையில் இருந்த ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாததை ப்ரோக்ராம் பார்த்திருந்தது. நாலு நாட்டு ஆட்கள் ஒரே பலகையைச் சுத்தி நின்னு அதைப் பார்த்தாங்க. பின்னாடி ஐசிஜிஏ ஆன சங்கம் பிறந்ததும் அதே டொரண்டோ போட்டியில்தான். அந்த மாதிரி ஒரு கணம் சேட் பாக்ஸ்ல வராது.

ஆனா அந்த அறைக்குள்ள யார் இருந்தாங்க, யார் இல்லைங்கிறதும் அந்தக் கதையில சேர்த்திதான். 2024-ல் ஸ்பெயினின் சாண்டியாகோ தே கம்போஸ்டெலாவில், 50-வது வருஷத்தோட அந்தச் சாம்பியன்ஷிப் முடிவுக்கு வந்தது.

அப்போ நேயருக்கு நான் அனுப்பின பதில் இதுதான்: "பட்டியல்படி கேட்டீங்கன்னா, அதில் ஸ்டாக்ஃபிஷ் இல்லை. எல்லாருக்கும் ஒரே மேஜை போட்டு, வீட்டிலிருந்தே வரலாம்னு கதவைத் திறந்து வெச்ச போட்டிப்படி கேட்டீங்கன்னா, பெரும்பாலான வருஷம் ஸ்டாக்ஃபிஷ்தான்." அவர் உடனே, "அப்போ நீங்க எதை உலக சாம்பியன்னு சொல்வீங்க?"ன்னு கேட்டார். நான் ரெண்டாவதைச் சொன்னேன். என் லேப்டாப்பால ஸ்டாக்ஹோமுக்கோ லைடனுக்கோ போயிருக்க முடியாது. ஃபிஷ்டெஸ்ட்ல மூணு ராத்திரி ஓட முடிஞ்சது.

உங்க பதில் என்னன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.